பழைய எம்எக்ஸ்-5 வாங்கியாயிற்றா? முதலில் மழைநீர் போகும் வழியைக் கண்டுபிடியுங்கள்

பிரிட்டனில் கையைக் கடிக்காத விலையில் கூரை திறக்கும் கார் தேடுபவர்கள் பெரும்பாலும் மாஸ்டா எம்எக்ஸ்-5 முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு இருக்கைக் கார், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. இவ்வளவு கார்கள் ஓடியதால் உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. அனுபவமுள்ள மெக்கானிக்குகளும் எளிதில் கிடைக்கிறார்கள். முதல் கன்வெர்ட்டிபிளாக வாங்க இதைவிட நல்ல கார் கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

இந்த விளக்கம் முதல் இரண்டு தலைமுறைக் கார்களுக்கானது. முகப்பு விளக்குகள் பானட்டிலிருந்து மேலே எழும்பினால் அது 1989 முதல் 1997 வரை தயாரான முதல் தலைமுறை. விளக்குகள் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால் 1998 முதல் 2005 வரையிலான இரண்டாம் தலைமுறை. இரண்டின் இன்ஜினும் நெடுநாள் உழைக்கும். இந்தக் கார்களைச் சாகடிப்பது தண்ணீர்தான். ஆகவே காரோடு பழகுவதை இன்ஜினிலிருந்து தொடங்காதீர்கள். அதன்மேல் பெய்யும் மழை எந்த வழியாக வெளியேறுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு டார்ச், ஒரு சிறிய காந்தம், மென்மையான துணி, டயர் காற்றழுத்தமானி, ஒரு குவளைத் தண்ணீர் ஆகியவை போதும்.

படி 1: காகிதங்கள்

காப்பீடு எடுத்தாகிவிட்டது, வி5சி பதிவுப் புத்தகம் உங்கள் பெயருக்கு மாறுகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. முந்தைய உரிமையாளர் கட்டிய சாலை வரி உங்களுக்குச் சேராது. ஓட்டுவதற்கு முன் உங்கள் பெயரில் புதிதாகக் கட்ட வேண்டும்.

பிறகு அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து எம்ஓடி எனப்படும் ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனையின் வரலாற்றைப் பாருங்கள். 2005 முதல் நடந்த சோதனைகளின் முடிவுகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். தேர்ச்சியா தோல்வியா என்பதைவிட, கீழே எழுதியிருக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளைக் கவனியுங்கள். துரு என்ற சொல் எந்த ஆண்டு முதன்முதலாக வருகிறது, எந்தப் பக்கத்தில் வருகிறது, அடுத்த ஆண்டு அது சரிசெய்யப்பட்டதா, சத்தமில்லாமல் மறைந்துவிட்டதா என்று பாருங்கள். வெல்டிங் செய்ததற்கான ரசீது இல்லாமல் துரு மறைந்திருந்தால், அதன்மேல் கறுப்புப் பூச்சு ஏறியிருக்கக்கூடும்.

உங்களுடையது ஜப்பானிலிருந்து இறக்குமதியான யூனோஸ் என்றால் இன்னொன்றும் உண்டு. அதன் மீட்டர் கிலோமீட்டரில் ஓடியிருக்கும். பின்னாளில் யாராவது மைலுக்கு மாற்றியிருந்தால், ஓடிய தூரம் ஓர் ஆண்டில் குறைந்ததுபோலத் தெரியும். மோசடி என்று முடிவு கட்டுவதற்கு முன் மைல் கணக்கை 1.6 ஆல் பெருக்கிப் பாருங்கள்.

படி 2: கூரையைத் திறக்கவும் மூடவும் பழகுங்கள்

கூரையைத் திறக்க மோட்டார் கிடையாது, எல்லாம் கைவேலைதான். அது இந்தக் காரின் பலம். முதல் சில முறை காரை நிறுத்திவைத்து, அவசரமில்லாமல் செய்து பாருங்கள்.

முதல் தலைமுறைக் காரில் பின்கண்ணாடி உண்மையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். கூரையை மடக்குவதற்கு முன் அதைச் சுற்றியுள்ள ஜிப்பைத் திறந்து, பிளாஸ்டிக்கை இருக்கைகளுக்குப் பின்னால் சமமாகப் படுக்க வையுங்கள். அடியில் ஒரு பழைய துண்டை விரித்தால் கீறல் விழாது. இதைச் செய்யாமல் கூரையைப் பின்னால் தள்ளினால் பிளாஸ்டிக் மடிந்து, மடிப்பு விழுந்த இடத்தில் வெள்ளைக் கோடு நிலைத்துவிடும், பின்னர் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். கடுங்குளிர் நாளில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போது கூரையைத் தொடவே வேண்டாம். இரண்டாம் தலைமுறையில் உண்மையான கண்ணாடியே வந்துவிட்டதால் இந்தக் கவலை இல்லை.

அடுத்து, முன்கண்ணாடிச் சட்டத்தின் இரு மூலைகளிலும் உள்ள கொக்கிப் பிடிகள். பாதுகாப்புப் பொத்தானை அழுத்தி, பிடியைக் கீழே இழுத்து விடுவியுங்கள். பக்கக் கண்ணாடிகளைச் சிறிது இறக்கிக்கொண்டு, கூரையின் முன்விளிம்பை நடுவில் பிடித்துப் பின்னால் தள்ளுங்கள். ஓர் ஓரத்தை மட்டும் பிடித்துத் தள்ளினால் சட்டம் கோணிக்கொள்ளும். மடியும்போது இரும்புக் கைகளுக்கு இடையில் துணி சிக்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கூரையில் விழும் ஓட்டைகள் பெரும்பாலும் இப்படிச் சிக்கிய இடங்களில்தான் தொடங்குகின்றன.

மூடும்போது ஜிப் இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள். கொக்கிகளைத் தளர்த்தி, துணியின் இழுவிசையைக் குறைத்துவிட்டு மெதுவாக இழுங்கள். ஈரக் கூரையை மடித்துப் பல நாள் விடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பிரஷ் சுழலும் தானியங்கிக் கழுவுமிடங்களுக்கும் போகாதீர்கள். பிளாஸ்டிக் சாளரத்தைத் தண்ணீரும் மென்துணியும் கொண்டு துடைத்தால் போதும். வீட்டுக் கண்ணாடிகளைத் துடைக்கும் அம்மோனியா கலந்த திரவம் அதை மங்கச் செய்துவிடும்.

படி 3: வடிகால்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

துணிக்கூரையின் மேல் விழும் மழை முழுவதும் காரின் வெளிப்புறமாக வழிந்து போய்விடுவதில்லை. கூரையின் பின்பக்க அடிவிளிம்பில், உடல்தகட்டோடு சேரும் இடத்தில், ஒரு நீளமான தாழ்வாரம் இருக்கிறது. அங்கே சேரும் தண்ணீர் இடப்புறமும் வலப்புறமும் ஓடி, இருக்கைப் பட்டை பொருத்தப்பட்ட தூண்களுக்குப் பின்னால் உள்ள துளைகளில் இறங்கும். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழாய் கீழே போய், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காரின் அடியில் திறக்கிறது. மாஸ்டா போட்ட இந்த ஏற்பாடு எளிமையானது, நன்றாகவும் வேலை செய்யும், துளை அடைபடாத வரை.

அடைப்பது இலை, தூசி, கூரைத் துணியிலிருந்து உதிரும் நூல் ஆகியவை. மரத்தடியில் நிறுத்தும் கார்களில் இலையுதிர் காலத்தில் ஒரு பருவமே போதும். துளை அடைத்ததும் தண்ணீர் பொங்கி இரண்டு இடங்களுக்குப் போகிறது. ஒன்று, கம்பளத்துக்கு அடியில். இன்னொன்று, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் கீழ்ச்சட்டத்தின் உள்ளே. கம்பளம் நனைந்தால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். சட்டத்துக்குள் தேங்கும் தண்ணீரோ வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளிருந்து தகட்டைத் தின்னும்.

சோதிப்பது இப்படி. கூரையைத் திறந்து, இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கம்பளத்தின் ஓரத்தை விலக்குங்கள். பட்டைத் தூணுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் துளை தெரியும். தெரியாவிட்டால் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். முதலில் கைக்கு எட்டும் குப்பையை எடுத்துவிடுங்கள், மக்கிய இலை கறுப்புச் சேறாகத்தான் வரும். பிறகு குவளையிலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றிவிட்டு, அதே பக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையைப் பாருங்கள். சில நொடிகளில் தண்ணீர் தாராளமாகக் கொட்ட வேண்டும். சொட்டுச்சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. வராமல் துளையில் நின்றுவிட்டால் ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள்.

அடைப்பெடுக்க, வளையும் தன்மையுள்ள, முனை மழுங்கிய பிளாஸ்டிக் இழை ஏதாவது போதும். புல் வெட்டும் கருவியில் போடும் தடித்த நைலான் இழை நன்றாக உதவும். மெதுவாகச் சுழற்றியபடி இறக்குங்கள். விறைப்பான கம்பியும் வேண்டாம், மேலிருந்து உயர் அழுத்தக் காற்றும் வேண்டாம். உள்ளே குழாய் கழன்றுவிட்டால் தண்ணீர் நேராகச் சட்டத்துக்குள்ளேயே கொட்டத் தொடங்கும், அடைப்பே பரவாயில்லை என்றாகிவிடும். இரு பக்கமும் செய்யுங்கள். இலை உதிரும் மாதங்களில் ஒரு முறையும், குளிர் முடிந்ததும் ஒரு முறையும் திரும்பச் செய்யுங்கள்.

இருக்கைகளின் பின்புறக் கம்பளத்தையும் கால் வைக்கும் இடத்தையும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியிலுள்ள பஞ்சு மெத்தை ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஈரமாக இருந்தால் கம்பளத்தைத் தூக்கி, காற்றுப் போகும்படி முட்டுக்கொடுத்து முழுவதும் காயவிடுங்கள்.

படி 4: துருவைத் தேடுங்கள்

மேலே சொன்ன கீழ்ச்சட்டம்தான் எம்ஓடி அறிக்கையில் 'சில்' என்று வருவது. கூரையில்லாத காருக்கு உடல்பலம் தருவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு, அதனால்தான் இதில் துருவென்றால் சோதகர்கள் விடுவதில்லை. பின்சக்கர வளைவுக்கு முன்னால் முடியும் பகுதியில் குனிந்து பாருங்கள். பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா? ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். காந்தத்தை ஒரு துணியில் சுற்றி நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பூசியிருப்பது நிரப்பிப் பசை.

இரண்டாம் தலைமுறைக் கார் வைத்திருப்பவர்கள் இன்ஜினுக்கு இருபுறமும் முன்னோக்கிப் போகும் அடிச்சட்டங்களையும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தகடு இரட்டை அடுக்கு. சாலையில் தூவும் உப்பும் சேறும் நடுவில் புகுந்து அரிக்கும். இதைச் சரிசெய்வது கீழ்ச்சட்டத்தைவிடக் கடினம், செலவும் கூடுதல்.

படி 5: டிக்கியும் பேட்டரியும்

பேட்டரி பானட்டுக்கு அடியில் இல்லை, டிக்கியில் இருக்கிறது. மூடிய இடத்தில் இருப்பதால், தொழிற்சாலையில் இதற்கென்றே காற்றுப்போக்குக் குழாய் பொருத்தும் வசதியுள்ள, அமிலம் சிந்தாத பேட்டரியைக் கொடுத்தார்கள். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை வைத்திருந்தால், அதன் ஆவி டிக்கித் தரையை அரித்திருக்கும். குழாய்கள் பேட்டரியோடு இணைந்திருக்கின்றனவா, அடியில் தகடு சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் மூடி எங்கே திறக்கிறது என்று பலரும் முதல் நாள் பங்க்கில் தேடுகிறார்கள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள மூடியிட்ட பெட்டிக்குள் அதன் நெம்புகோல் இருக்கிறது.

படி 6: பானட்டைத் திறந்து

பானட் அலுமினியத்தால் ஆனது. அதன்மேல் சாய்ந்தால் பள்ளம் விழும், மூடும்போது இரு கைகளையும் விரித்து அழுத்துங்கள்.

ஆயில் அளவையும் கூலன்ட்டையும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ரேடியேட்டரின் மேல்பகுதி பிளாஸ்டிக். புதிதாக இருக்கும்போது கறுப்பு, வயதானால் பழுப்புப் பச்சையாக மாறும். அந்த நிறத்தைப் பார்த்தால், விரிசல் விடுவதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

இன்ஜின் வால்வுகளின் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் பெல்ட்டை 60,000 மைல், அதாவது சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ரசீது இருந்தால் மாற்றியது, இல்லாவிட்டால் மாற்றாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்றவரின் வாய்வார்த்தை கணக்கில் சேராது. பெல்ட்டை மாற்றும்போது தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து மாற்றச் சொன்னால் ஒரே கூலியில் முடியும்.

முதல் தலைமுறை இன்ஜின் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக்டக்கென்று சத்தமிட்டால் பதறாதீர்கள். வால்வுகளின் ஹைட்ராலிக் பாகங்களில் ஆயில் ஏறும் வரை வரும் சத்தம் அது. ஆயிலை மாற்றினாலே பெரும்பாலும் குறையும். ஆனால் கிளட்ச் மிதி திடீரென்று தளர்ந்து கியர் விழ மறுத்தால், மிதியின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுசேர்க்கும் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் பெரும்பாலும் கசிகிறது என்று பொருள். இந்தக் காரில் அடிக்கடி போகும் பாகம் அதுதான், விலையும் குறைவுதான்.

படி 7: டயர், ஜாக்கி

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2316 என்றிருந்தால் 2016 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் தயாரானது. இந்தக் கார்கள் வெயில் நாளில் மட்டும் வெளியே வருவதால், பள்ளம் தேயாமலே ரப்பர் இறுகிப்போயிருக்கும். இது பின்சக்கர இயக்கமுள்ள, எடை குறைந்த கார். மழையில் நனைந்த ரவுண்டானாவில் இறுகிய டயரோடு ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்பகுதி சட்டென்று விலகும், பிடித்து நிறுத்த மின்னணு உதவி பெரும்பாலானவற்றில் இல்லை. பத்து வயதான டயரைப் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. மற்ற கார்களின் பழக்கத்தில் 32 ஏற்றிவிடுகிறார்கள், அப்போது கார் துள்ளுகிறது.

ஜாக்கியைக் கீழ்ச்சட்டத்தின் அடிமடிப்பில் குறியிட்ட இடங்களில் மட்டும் வையுங்கள். காரின் நடுவே கியர்பாக்ஸையும் பின்னச்சையும் இணைத்து ஓர் அலுமினியச் சட்டம் ஓடுகிறது. தூக்குவதற்கு வசதியாகத் தெரிந்தாலும் அதில் ஜாக்கி வைக்கவே கூடாது.

படி 8: கூரை திறந்து முதல் ஓட்டம்

இருக்கைகளுக்குப் பின்னால் காகிதம், தொப்பி எதுவும் கிடக்கக் கூடாது, காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். முதல் ஓட்டத்தில் பக்கக் கண்ணாடிகளை ஏற்றியே வையுங்கள். கால்பக்கம் ஹீட்டரைப் போட்டுக்கொண்டால் பத்து டிகிரி குளிரிலும் சுகமாக ஓட்டலாம். மேகமூட்டமாக இருந்தாலும் நெற்றியிலும் காதிலும் வெயில் பாதுகாப்புக் களிம்பு தடவுங்கள்.

மோட்டார்வேயை விட்டுவிட்டு, வளைந்து செல்லும் கிராமச் சாலையில் மணிக்கு 40, 50 மைலில் போங்கள். ஸ்டீயரிங் வழியாகச் சாலை என்ன சொல்கிறது என்பது அந்த வேகத்திலேயே கைக்குத் தெரியும். இந்தக் காரை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராயின் குழு குதிரைத்திறனைத் துரத்தவில்லை. எடையைக் குறைத்து, காரும் ஓட்டுநரும் ஓருடலாக இருக்க வேண்டும் என்றே உழைத்தது. அதை உணர வேகம் தேவையில்லை.

கையில் பணம் குறைவாக இருந்தால் செலவின் வரிசை இதுதான்: கீழ்ச்சட்டத் துரு, டயர், டைமிங் பெல்ட், பிறகு கூரை. புதிய சக்கரங்களும் ஸ்டீரியோவும் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கட்டும்.