ஏரிக்கரையில் நடந்து கணக்கெடுப்பது எப்படி? மூக்கனேரியை வைத்து ஒரு செய்முறை

சேலத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் கடற்கரைத் தன்னார்வலர்கள் செய்கிற வேலையை இங்கேயும் செய்யலாம். சென்னையில் மாணவர்கள் 1988லிருந்து ஆமை சீசனில் இரவெல்லாம் கடலோரம் நடந்து, முட்டையிட்ட குழிகளோடு செத்து ஒதுங்கிய ஆமைகளையும் குறித்துக்கொள்கிறார்கள். ஒரே கரையில் திரும்பத் திரும்ப நடந்து, கண்டதை எல்லாம் எழுதுவது, அவ்வளவுதான் வேலை. நான் அதைக் கன்னங்குறிச்சி மூக்கனேரியில், பறவைகளையும் தண்ணீரையும் பார்த்துச் செய்கிறேன். சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து சேர்கிற ஏரி, 2010ல் சேலம் மக்கள் குழு தூர்வாரி, அந்த மண்ணிலேயே திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள்.

முதலில் கரையில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். ஏரியைச் சுற்றி வர வேண்டியதில்லை. தொடங்குகிற இடம், முடிக்கிற இடம், நேரம் மூன்றும் மாறாமல் இருந்தால் போதும். விடிந்ததும் போவது நல்லது, பறவைக்காக மட்டும் இல்லை: பாசி மண்டிய ஏரியில் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும், மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது அப்போதுதான் தெரியும்.

கருவி? எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 பைனாகுலர். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். பெரிய லென்ஸ் கேமரா இருந்தால் வீட்டில் வையுங்கள், அது கையில் இருக்கிறவரை மீன்கொத்தியைத்தான் துரத்துவீர்கள், நாமக்கோழியை எண்ண மாட்டீர்கள். பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிகிற இ-பேர்ட் செயலியை இறக்கிக் கணக்குத் திறப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இப்போது எனக்குப் பிடிபட நாளான இடத்துக்கு வருகிறேன். பட்டியலை முடிக்கும்போது செயலி ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா? காக்கா, மைனா, மாடப்புறா எல்லாம் சேர்த்தால்தான் 'ஆம்' போட முடியும். 'ஆம்' போட்டால், பட்டியலில் இல்லாத பறவை அன்று உங்கள் கண்ணிலும் காதிலும் படவில்லை என்று கணக்கில் ஏறும். ஒரு பறவை ஏரியை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பது இப்படித்தான் பிற்பாடு தெரியவரும், அதனால் அபூர்வமானதை மட்டும் பதிகிற பழக்கம் வேண்டாம். எண்ணிக்கைக்குப் பதில் 'எக்ஸ்' (பார்த்தேன், எண்ணவில்லை) போடவும் செயலி விடும். போடாதீர்கள், தோராயமான எண் அதைவிட மேல். திட்டு மரத்தில் நீர்க்காகங்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் பத்தை எண்ணுங்கள், பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அந்த அளவை அப்படியே நகர்த்தி மொத்தத்தையும் அளந்துவிடலாம். சின்னதா, கொண்டையா, பெரியதா என்று வகை பிரிக்க முடியாவிட்டால் வெறும் 'நீர்க்காகம்' என்று பதிய வழி இருக்கிறது. படத்தையோ குரலையோ வைத்துப் பறவையை அடையாளம் சொல்கிற மெர்லின் செயலி ஒரு பெயரைச் சொன்னது என்பதற்காக மட்டும் அதை எழுதவே எழுதாதீர்கள்.

நடந்த தூரத்தைப் பதிவதில் ஒரு சிக்கல் உண்டு. கரையில் போய் அதே வழியில் திரும்பினால் செயலி இரண்டு பக்கத்தையும் கூட்டிவிடும். ஒரு பக்கத் தூரத்தை மட்டும் நீங்களே திருத்திப் போடுங்கள். திரும்பும்போது பார்த்த அதே கூட்டத்தை மறுபடி எண்ணவும் கூடாது.

அப்புறம் தண்ணீர். சிட்னி கடற்கரைகளில் 2017ல் தொடங்கிய கோஸ்ட்ஸ்நாப் முறை எனக்குப் பிடித்தது: போனை வைக்க நிலையான ஒரு தாங்கி, போகிற வருகிறவர்கள் எல்லோரும் அங்கிருந்தே ஒரே கோணத்தில் படம் எடுப்பார்கள். நமக்கு மதகுச் சுவரே தாங்கி. அதே மூலையில் போனை வைத்து ஒவ்வொரு தடவையும் ஒரு படம். மதகில் எத்தனை படி வெளியே தெரிகிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, நிறம், நாற்றம் என்று கூடவே நாலு வரி. செத்த மீன் மிதந்தால் கட்டாயம் எழுதுங்கள்.

பின்சேர்ப்பு: டவர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வீட்டிலேயே நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை இறக்கிவிட்டால் இ-பேர்ட் இணையம் இல்லாமலும் ஓடும், வீடு வந்து அனுப்பலாம். ஏற்காடு ஏரியில் மூட்டம் மறைக்கிறது என்றவருக்கு: தெரிந்தவரை எண்ணி, குறிப்பில் 'மூட்டம்' என்று எழுதிவிடுங்கள், அந்த நாளைத் தவிர்க்க வேண்டாம். இன்னொன்று, கூடு இருக்கிற மரத்தைப் படம் போட்டு இடம் சொல்லி எங்கேயும் பகிராதீர்கள். பழக நினைப்பவர்களுக்குப் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு நல்ல சமயம், வலசை வந்தவையும் அப்போது இங்கேதான் இருக்கும்.