கிணற்று நீர்க் கட்டுரையை வாசகருக்கேற்பத் திருத்திய விதம்

யூரியா போன்ற உரங்களிலிருந்து நிலத்தடி நீருக்குள் இறங்கும் நைத்திரேற்று என்ற உப்பு யாழ்ப்பாணக் கிணறுகளில் கலப்பதைப் பற்றி இணையத்தில் நான் எழுதும் கட்டுரைகளை இரு வேறு வகையினர் வாசிக்கிறார்கள் என்பது அவர்களுடைய கேள்விகளிலிருந்தே தெரியவந்தது. சுன்னாகம், கோண்டாவில் பக்கத்துத் தோட்டக்காரர், "இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்கலாமோ?" என்று மட்டுமே கேட்டனர்; ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழ்பவர்களோ, வற்றாத ஆறொன்றும் இல்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்குள் நீர் எவ்வாறு தேங்குகிறது என்பதை அறிய விரும்பினர்.

ஆகவே, பாறையின் வரலாற்றைப் பின்னுக்கு நகர்த்திவிட்டு, குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் உச்ச வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதையும், கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியுமே தவிர நைத்திரேற்று நீங்காது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும் என்பதையும், அளவு மிஞ்சிய நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது என்பதையும் முதற் பந்தியிலேயே வைத்தேன். வெங்காயத் தறைக்கு நீர் இறைக்கும் இடைவேளையில் கைத்தொலைபேசியில் வாசிப்பவருக்கு அதுவே போதும். யூரியாவின் கணக்கை ஹெக்டேயரில் அல்லாமல் 'பரப்பு' என்ற எங்கள் ஊர் நில அளவில் தந்து, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதை வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு வரியில் சேர்த்தேன்.

பேச்சுத் தமிழுக்கு மாறும்படி நண்பர்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. உடல்நலச் செய்தியைத் திருத்தமான தமிழில் சொன்னால்தான் எங்கள் பெரியவர்கள் நம்புகிறார்கள். புலம்பெயர்ந்தோருக்கான பகுதி, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும் நிலாவரைக் கிணற்றில் தொடங்கி நீண்டுகொண்டே போகிறது. அதைச் சுருக்க எனக்கு மனமில்லை.