முதல் உலக சாதனை முயற்சி: எங்கே தொடங்குவது?

உலக சாதனை செய்ய ஆசைப்படுபவர்கள் ‘எதைச் செய்யலாம்?’ என்றுதான் யோசிக்கிறார்கள். ‘எதை அளக்கலாம்?’ என்று யோசித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சாகசம் எவ்வளவு பெரிதானாலும் அளக்க முடியாவிட்டால் அது வேடிக்கைதான், சாதனை ஆகாது.

படி 1: ஒரே ஓர் அளவைப் பிடியுங்கள்

‘மிகத் துணிச்சலான’ என்று ஒரு பிரிவு கிடையாது. மீட்டர், நொடி, கிலோ, எண்ணிக்கை என ஏதாவது ஒன்றில் உங்கள் முயற்சி அடங்க வேண்டும். வான்வெளியிலிருந்து குதித்தவர்களையே பாருங்கள். ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் 2012 அக்டோபர் 14 அன்று சுமார் 39 கி.மீ. உயரத்திலிருந்து குதித்து, மணிக்கு 1,357 கி.மீ. வேகத்தைத் தொட்டார். 2014இல் ஆலன் யூஸ்டேஸ் 41 கி.மீ.க்கும் மேலிருந்து குதித்து உயரத்தில் அவரை மிஞ்சினார். ஆனால் உடல் சுழலாமல் இருக்கச் சிறு பாராசூட் ஒன்றைக் கட்டியிருந்ததால் அவருடைய வேகம் குறைந்தது. வேகச் சாதனை பாம்கார்ட்னரிடமே நின்றது. எவ்வளவு நேரம் விழுந்துகொண்டிருந்தார்கள் என்ற அளவிலோ இந்த இருவராலும் 1960இல் குதித்த ஜோசப் கிட்டிங்கரை (4 நிமிடம் 36 நொடி) முந்த முடியவில்லை. எந்த அளவில் மோதப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

படி 2: சின்னதாகத் தொடங்குங்கள்

அமெரிக்காவின் அஷ்ரிதா ஃபர்மன் 600க்கும் மேற்பட்ட கின்னஸ் சாதனைகள் செய்தவர். 1979இல் அவருடைய முதல் சாதனை, கைகால்களை விரித்துக் குதிக்கும் சாதாரண உடற்பயிற்சி. 27,000 முறை! பிறகு தலையில் பால் பாட்டிலோடு நடந்தார், ஸ்பிரிங் குச்சியில் குதித்தார். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் செய்து பார்த்தால்தான் தெரியும்.

படி 3: முதலில் விண்ணப்பம், பிறகு முயற்சி

பலர் இதைத் தலைகீழாகச் செய்து ஏமாறுகிறார்கள். கின்னஸ் இணையதளத்தில் கணக்கு தொடங்கி விண்ணப்பித்தால், ஏற்றுக்கொண்ட பிறகு அந்தச் சாதனைக்கே உரிய விதிமுறைகளை அனுப்புவார்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகும். பணம் கட்டி விரைவுபடுத்தும் வழியும் உண்டு. முதல் முயற்சிக்கு அது வீண்செலவு என்பது என் எண்ணம்.

படி 4: பயிற்சி

இந்த இடத்தில்தான் அவசரம் கூடாது. பாம்கார்ட்னர் நேராக 39 கி.மீ. ஏறிவிடவில்லை. அதே ஆண்டில் முதலில் சுமார் 22 கி.மீ., பிறகு 29 கி.மீ. என்று இரண்டு முறை ஒத்திகையாகக் குதித்தார்.

மூச்சடக்கும் சாதனையில் கண் வைத்திருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். 2021இல் புடிமிர் ஷோபாட் 24 நிமிடம் 37 நொடி மூச்சடக்கினார். அது முன்கூட்டியே தூய ஆக்சிஜனைச் சுவாசித்துவிட்டுச் செய்தது. வெறும் காற்றோடு ஸ்டெஃபான் மிஃப்சூட் 2009இல் செய்தது 11 நிமிடம் 35 நொடி. இரண்டையும் ஒப்பிட்டு இலக்கு வைக்காதீர்கள். அடுத்தது, மூச்சு முட்டுவதற்கு முக்கியக் காரணம் ஆக்சிஜன் குறைவது அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வதுதான். வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் அந்த வாயு வெளியேறிவிடும், முட்டலும் தாமதமாகும். உடலின் எச்சரிக்கை மணி அடிப்பதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். தண்ணீருக்குள் அப்படி நடந்தால் மரணம்தான். தனியாகப் பழகவே கூடாது; பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

தூங்காமல் இருப்பது போன்ற பிரிவுகளைத் தேடாதீர்கள். உடல்நலத்துக்கு ஆபத்து என்று கின்னஸ் அதைக் கண்காணிப்பதையே நிறுத்திவிட்டது.

படி 5: ஆதாரம்

வெட்டு ஒட்டு இல்லாத முழு வீடியோ வேண்டும். கடிகாரமும் நீங்களும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும். சாட்சிகள் உங்களோடு தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும். அக்கா, மாமா எல்லாம் கைதட்டலாம், கையெழுத்துப் போட முடியாது. மணிக்கணக்கில் நீளும் முயற்சிகளுக்குப் பதிவேடும் தேவை. அவற்றில் முடித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 5 நிமிட ஓய்வு தருவது வழக்கம், அதைச் சேர்த்துவைத்தும் எடுத்துக்கொள்ளலாம்.

முயற்சி முடிந்ததும் கொண்டாடப் போகாதீர்கள். வீடியோவை இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, சாட்சிகள் கிளம்புவதற்குள் கையெழுத்து வாங்குங்கள்.