எலும்புக்கு மீன் எண்ணெய் மாத்திரையா? முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

எலும்பு தேயாமல் இருக்கட்டும் என்று அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மீன் எண்ணெய் மாத்திரை வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

படி 1: எந்த எண்ணெய் என்று பாருங்கள்
மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. குழப்பமே இங்கேதான். நெத்திலி, மத்தி போன்ற மீன்களின் உடலிலிருந்து எடுப்பதில் முக்கியமாக இருப்பது ஒமேகா-3 என்ற கொழுப்புச் சத்து. காட் மீனின் ஈரலிலிருந்து எடுப்பதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் உண்டு. 1919 வாக்கில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி என்ற ஆராய்ச்சியாளர் நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் (எலும்பு மென்மையாகி வளையும் நோய்) வராமல் தடுத்தது இந்த ஈரல் எண்ணெயால்தான். எலும்புக்கு நல்லது என்ற பெயர் அதற்குரியது. ஒமேகா-3 எலும்பு முறிவைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

படி 2: பின்பக்க எண்களைப் படியுங்கள்
முன்னால் 1000 மி.கி. என்று இருப்பது எண்ணெயின் எடை. சாதாரண மாத்திரையில் ஒமேகா-3 வகைகளான இபிஏ (EPA) 180, டிஹெச்ஏ (DHA) 120, ஆக 300 மி.கி.தான் ஒமேகா-3. வைட்டமின் டி என்ற வரி இல்லையென்றால், எலும்புக்காக அதை வாங்க வேண்டாம்.

ஈரல் எண்ணெய் என்றால் வைட்டமின் ஏ அளவையும் பாருங்கள். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு நாளுக்கு 3000 மைக்ரோகிராம். நீண்ட நாள் அளவு மீறினால் அதுவே எலும்பைப் பலவீனமாக்கும். ஏற்கெனவே சத்து மாத்திரை சாப்பிட்டால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு ஈரல் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

படி 3: டாக்டரிடம் ஒரு வார்த்தை
ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடங்கக் கூடாது. வைட்டமின் டி குறைவா என்பதை ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும்.

படி 4: சாப்பிடும் முறை
சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்குங்கள். அப்புறம், ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை சரி. பழைய பெயின்ட் போல நெடி அடித்தால் டப்பாவோடு தூக்கிப் போடுங்கள்.

படி 5: கால்சியம் தட்டில் இருக்கட்டும்
மீன் எண்ணெயில் கால்சியம் கிடையாது. நமக்கு நாளுக்குச் சுமார் 1000 மி.கி. வேண்டும், 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 இருக்கிறது. மீன் சாப்பிடுபவர்கள் சின்ன மத்தியைப் புளி, சின்ன வெங்காயம், மிளகாயோடு குக்கரில் வைத்து, சிறு தீயில் அரை மணி நேரம் விடுங்கள். நடுமுள்ளை விரலால் அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும். அந்த முள்ளோடு சேர்த்தே சாப்பிடுங்கள். கால்சியம் அதில்தான் இருக்கிறது.