காற்றூட்டுத் தொட்டியில் நுண்ணுயிர்க் கூட்டத்தை வளர்த்தெடுக்கும் முறை

மதுரை திருநகரை அடுத்துள்ள எங்கள் குடியிருப்பில் 48 வீடுகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்க, நாளொன்றுக்கு 30,000 லிட்டர் கொள்ளளவில் ஒரு நிலையம் இருக்கிறது. காற்றை ஊதும் ப்ளோயர், பம்பு, குழாய் எல்லாம் பொருத்தி முடித்து, காற்றூட்டுத் தொட்டிக்குள் கழிவை உண்ணும் நுண்ணுயிர்களை வளர்க்கும் வேலை மட்டும் மிச்சமிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவரும் கழிவுநீருக்குள் காற்றை ஊதிச் சோதித்தபோது, அது முழுமையாகத் தெளிய முதல் முறை ஏறக்குறைய ஐந்து வாரங்கள் ஆயின. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் படிந்த கசடை அப்படியே வைத்துப் புதுக் கழிவுநீரை ஊற்றி மீண்டும் மீண்டும் ஊதியபோது, அதே வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. கசடைத் தேக்கி வைப்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. தனித்தனியாக மிதக்கும் பாக்டீரியாக்கள் வெளியேறும் நீரோடு போய்விடும். பிசின் சுரந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி, அடுத்துள்ள தெளிவுத் தொட்டியின் அடியில் படிபவை மட்டுமே, படிந்த கசடைத் திருப்பி அனுப்பும் மீள்கசடுப் பம்பு வழியாகக் காற்றூட்டுத் தொட்டிக்குத் திரும்பி வரும். எந்த உயிர் தங்க வேண்டும் என்பதைப் படிதலும் திருப்பி அனுப்புதலுமே தீர்மானிக்கின்றன.

முதல் படி விதைக் கசடு, அதாவது நுண்ணுயிர்க் கூட்டம் ஏற்கெனவே வளர்ந்திருக்கும் கசடு. அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் மாநகராட்சியின் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் நன்றாக இயங்கும் மற்றொரு குடியிருப்பின் நிலையமே போதும். அங்கிருந்து ஒரு டேங்கர், அதாவது 6,000 லிட்டர் மீள்கசடு கொண்டுவந்து, வெயிலில் நிறுத்தி வைக்காமல் இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் இறக்கிவிடுங்கள். மாட்டுச்சாணம் கரைத்து ஊற்றும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை. சாணத்தின் நார் எளிதில் மட்காமல் தொட்டியிலேயே தங்கிக் கசடின் அளவைக் கூட்டிக் காட்டும். பொட்டலத்தில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடியும் தேவையில்லை. செப்டிக் டேங்க் கழிவு வேண்டவே வேண்டாம். அது காற்றில்லாத இடத்தில் வாழும் வேறொரு கூட்டம்.

அடுத்து, முதல் வாரத்தில் கால் பங்குக் கழிவுநீரை மட்டும் விட்டு, இரண்டு மூன்று வாரங்களில் முழு அளவுக்குக் கூட்டுங்கள். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் நிற்க வேண்டும். 20 டிகிரி வெப்பத்தில் 9 மில்லிகிராம் வரை ஆக்சிஜனை ஏற்கும் நீர், 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான் ஏற்கும். ஆகவே அக்கினி நட்சத்திர நாட்களில் மின்கட்டணத்தைக் கருதி இரவில் ப்ளோயரை நிறுத்திவிடாதீர்கள். முதல் நாட்களில் வெள்ளை நுரை பொங்கும். கசடு முதிரும்போது தானாக அடங்கும்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரு லிட்டர் அளவு உருளையில் தொட்டி நீரை நிரப்பி, அசைக்காமல் 30 நிமிடம் வைத்து, கசடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்த கருவிகளைப் பிறகு வாங்கலாம். இந்த உருளையும், பள்ளிகளில் பயன்படுத்தும் சாதாரண நுண்ணோக்கி ஒன்றும் இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். முதலில் வேகமாகத் துள்ளும் சிற்றுயிர்கள் தெரியும். சில வாரங்கள் கழித்து, திரள்களின் விளிம்பில் மெல்லிய காம்பில் மணி போல நிற்கும் வோர்டிசெல்லா தென்படும். கண்ணாடிச் சில்லை லேசாகத் தட்டினால் அந்தக் காம்பு சுருள்வில்லாகச் சுருண்டு, மெல்ல மீண்டும் நிமிரும். நான் அதை முதன்முதலில் பார்த்த அன்று வீட்டாரை எல்லாம் அழைத்துக் காட்டினேன்.

நான் தவறியது இதற்கு அடுத்த கட்டத்தில். ஐந்தாவது வாரத்தில், உருளையில் அரை மணி நேரத்தில் அழகாகப் படிந்த கசடு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ஒரே கட்டியாக மேலே மிதந்தது. தெளிவுத் தொட்டியிலும் பழுப்பு நிறத் திட்டுகள் எழுந்து நின்றன. கசடு செத்துவிட்டது என்று நினைத்து முக்கால் பங்கை, கசடைக் காயவைக்கும் உலர்படுகைக்கு அனுப்பிவிட்டேன். உண்மையில் அப்போதுதான் கூட்டம் முழுமை பெற்றிருந்தது. கரிமப் பொருளை உண்ணும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் இரட்டிக்கும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா போன்றவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும் என்பதால் அவை கடைசியில்தான் பெருகும். அவை உருவாக்கிய நைட்ரேட்டை, தெளிவுத் தொட்டியின் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்த பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக மாற்ற, அந்தக் குமிழிகளே கசடைத் தூக்கியிருக்கின்றன. மிதக்கும் கட்டியை ஒரு குச்சியால் மெல்லக் கிளறுங்கள். குமிழிகள் வெளியேறிக் கசடு மீண்டும் அடியில் இறங்கினால் அது நலமாக இருக்கிறது என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது, மீள்கசடுப் பம்பை இன்னும் அடிக்கடி ஓட்டுவது மட்டுமே. இதை அறியாததால் மேலும் ஒரு மாதம் காத்திருக்க நேர்ந்தது.

எந்தக் காரணத்திற்காகவும் எவரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். கசடு அழுகும் இடத்தில் தேங்கும் வாயு சில நொடிகளில் உயிரைப் பறிக்கும்; அடைப்பு எடுக்க டேங்கரின் உறிஞ்சு குழாய் இருக்கிறது.

பின்சேர்க்கை: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விடுதியைப் பராமரிக்கும் வாசகர், எல்லாம் சொன்னபடி செய்தும் அம்மோனியா குறையவில்லை என்று எழுதியிருந்தார். பி.எச். அளவைக் கேட்டேன், 6.2 என்றார். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறுவதற்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறன், செலவாகும். 40 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 285 மில்லிகிராம் வேண்டும். விடுதிக் கழிவில் சிறுநீரின் பங்கு கூடுதல் என்பதால் அம்மோனியா மிகுந்து, நீரிலுள்ள காரத்தன்மை போதாமல் போய், அந்தப் பாக்டீரியாக்களின் வேலை முடங்கியிருக்கிறது. சோடியம் பைகார்பனேட்டை, அதாவது சமையல் சோடாவை, நீரில் கரைத்துத் தினமும் சிறிது சிறிதாக விட்டு, பி.எச். 7-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்பதாம் நாள் அம்மோனியா இறங்கத் தொடங்கியது என்று பதில் வந்தது.