டேக் போட்டாச்சு, பில்லில் ஏன் வரவில்லை?

கிளவுட் கணக்கைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் மாதக் கடைசியில் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லா சர்வருக்கும் டேக் போட்டிருக்கே, துறைவாரியாகப் பிரித்தால் பாதிச் செலவு 'டேக் இல்லை' என்று வருகிறதே?" கை தவறி எழுத்து மாறுவதெல்லாம் இரண்டு முறை அடிபட்டால் தானாகச் சரியாகிவிடும். அமேசான் வெப் சர்வீசஸில் கையைக் கடிக்கிற தவறுகள் வேறு.

ஆக்டிவேட் செய்யாமல் விடுவது

டேக் என்பது சர்வர்மேல் ஒட்டிய சீட்டு; அதில் 'துறை' போன்ற ஒரு கீயும் (சீட்டின் தலைப்பு), அதற்கொரு மதிப்பும் இருக்கும். பில்லிங் அதைப் படிக்க வேண்டுமென்றால், பில்லிங் கன்சோலில் 'காஸ்ட் அலொகேஷன் டேக்ஸ்' பக்கத்தில் அந்தக் கீயை ஆக்டிவேட் செய்ய வேண்டும். அதுவும் நிறுவனத்தின் கணக்குகளுக்கெல்லாம் தலைமையான மேனேஜ்மென்ட் அக்கவுண்டில் இருந்து மட்டுமே முடியும். அதன் கீழ் வரும் மெம்பர் அக்கவுண்டில் உட்கார்ந்து அரைநாள் தேடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். புதிதாகப் போட்ட கீ அந்தப் பட்டியலில் தலைகாட்ட 24 மணி நேரம் வரை ஆகும். ஆக்டிவேட் செய்தபின் நடப்புக்கு வர இன்னொரு 24 மணி நேரம். ஆக, பில் முடிவதற்கு முந்தைய நாள் விழித்துக்கொண்டால் அந்த மாதத்துக்கு உதவாது.

"அதான் பேக்ஃபில் வந்துவிட்டதே" என்பார்கள். எரிச்சல் வருவது இங்கேதான். 2024 மார்ச்சில் வந்த அந்த வசதி, ஆக்டிவேட் செய்த நிலையை 12 மாதம் வரை பின்னோக்கிப் பொருத்தும். போடாத டேக்கை அது போட்டுத் தராது.

சர்வர் 3-ம் தேதி தொடங்கியது, டேக் 10-ம் தேதி ஒட்டியது, ஆக்டிவேட் செய்தது 18-ம் தேதி என்று வைத்துக்கொள்வோம். மாத முதல் தேதிக்கு பேக்ஃபில் கேட்டால் 10 முதல் 17 வரையிலான செலவு துறையின் பெயருக்கு வரும். 3 முதல் 9 வரை காலிதான். பயன்பாடு பதிவான நேரத்தில் சீட்டு இருந்ததா என்பதுதான் கணக்கு. நடுவில் மதிப்பை 'டெஸ்ட்' என்பதில் இருந்து 'ப்ரொடக்ஷன்' என்று மாற்றினாலும் இதே கதை: மாற்றிய நேரம்வரை பழைய பெயர், அதன் பிறகே புதியது.

பேக்ஃபில் கோரிக்கை 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் ஏற்கப்படும். எனவே விட்டுப்போன கீக்களை எல்லாம் முதலில் ஆக்டிவேட் செய்துவிட்டு ஒரே தடவையாகக் கேளுங்கள்.

சர்வருக்குப் போட்டால் டிஸ்குக்கும் வரும் என நம்புவது

வராது. தேவைக்கேற்ப சர்வர்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங் குரூப்பில் 'ப்ராபகேட் அட் லாஞ்ச்' கொடுத்தால் புதிய சர்வருக்கு டேக் போகும், அதோடு ஒட்டிய ஈபிஎஸ் வால்யூமுக்கு, அதாவது டிஸ்குக்கு, போகாது. புதிய சர்வர் எப்படி உருவாக வேண்டும் என்று எழுதிவைக்கும் லாஞ்ச் டெம்ப்ளேட்டில் இன்ஸ்டன்ஸ் (சர்வர்), வால்யூம் இரண்டுக்கும் தனித்தனியாக டேக் எழுத வேண்டும். சர்வரை அழித்தபின் தங்கிவிட்ட டிஸ்குகளுக்கு அப்பன் பெயர் தெரியாமல் போவது இதனால்தான். டிஸ்கின் நகலான ஸ்னாப்ஷாட்டும் வால்யூமின் டேக்கைத் தானாக எடுத்துக்கொள்ளாது. எடுக்கும் ஸ்கிரிப்டிலோ, தானாக எடுக்கவைக்கும் லைஃப்சைக்கிள் பாலிசியிலோ சொல்லித்தான் ஆக வேண்டும்.

எஸ்3 ஆப்ஜெக்டுக்கு டேக் போட்டுச் செலவைப் பிரிப்பது

நடக்காது. எஸ்3 என்ற சேமிப்புச் சேவையில் ஆப்ஜெக்ட் என்பது ஒரு கோப்பு, பக்கெட் என்பது கோப்புகளைப் போட்டுவைக்கும் கூடை. பக்கெட் டேக்தான் பில்லுக்கு வரும். துறைக்கு ஒரு பக்கெட் வையுங்கள்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து

ஆங்கிலத்தில் 'டீம்' என்பதன் முதல் எழுத்து ஒருவர் பெரிதாகவும் ஒருவர் சின்னதாகவும் போட்டால் அவை இரண்டு வேறு கீ, அறிக்கையில் இரண்டு வேறு பத்தி. ஏற்கெனவே பிரிந்துவிட்டதை, செலவை நம் விருப்பப்படி தொகுக்கும் காஸ்ட் கேட்டகரியில் ஒரு விதி எழுதிச் சேர்க்கலாம். இனிமேல் பிரியாமலிருக்க, கீயை எப்படி எழுத வேண்டும் என்று விதிக்கும் டேக் பாலிசி. டேக்கே இல்லாமல் சர்வர் உருவாக்குவதைத் தடுக்க, கணக்குகளில் எதைச் செய்யலாம் என்று வரம்பு போடும் சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி.

50-ஐயும் நிரப்புவது

சர்வர், டிஸ்கு போன்ற ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் 50 டேக் அனுமதி. கீ 128 எழுத்து, மதிப்பு 256. இடம் இருக்கிறதென்று பில்டு எண், டெப்ளாய் நேரம் எல்லாவற்றையும் பில்லிங்குக்கு ஆக்டிவேட் செய்தால் தினமொரு மதிப்பு முளைத்து, அறிக்கையில் கண் நிற்காது. துறை, ப்ராஜெக்ட், சூழல், பொறுப்பாளர்: தொடக்கத்துக்கு நான்கு தாராளம்.

பொறுப்பாளர் கீயில் போன் நம்பர்

வேண்டாம். பில் அறிக்கை பார்க்கிற எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். குழுவின் பெயரை எழுதுங்கள். ஆள் மாறினாலும் அது மாறாது.