பிளவுஸ் கை பிடிக்காமல் இருக்க, புஜத்தை இப்படி அளங்கள்

தை பிறந்தால் கும்பகோணத்தில் டெய்லர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. திருபுவனம் பட்டு எடுத்தவர்கள் கை அளவை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

முழங்கையை மடக்கி, தோள் எலும்பின் நுனியிலிருந்து முழங்கை நுனி வரை அளங்கள். 13 இன்ச் வந்தால் ஆறரையில் ஐப்ரோ பென்சிலால் ஒரு புள்ளி. பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டு, அந்தப் புள்ளியில் டேப்பைச் சுற்றுங்கள். டேப் சாயக் கூடாது, சதையை அழுத்தவும் கூடாது. டேப்பைக் கண்டதும் எல்லோருக்கும் கை தானாக விறைத்துக்கொள்ளும்! அதனால் இரண்டு முறை அளங்கள், வேறொருவர் அளந்தால் இன்னும் சரி. இரண்டு கையும் ஒரே அளவாக இருக்காது, பெரியதையே எழுதுங்கள். குட்டைக் கை என்றால் அது முடியும் இடத்திலும் ஒரு சுற்று.

பழைய துணி டேப் இழுபட்டிருக்கும். ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பாருங்கள், 12 இன்ச்சுக்கு முப்பதரை சென்டிமீட்டர். டேப்பே இல்லையா? பூ கட்டும் நூலைச் சுற்றி ஸ்கேலில் வையுங்கள்.

டெய்லரிடம் “இது உடம்பு அளவு, லூஸ் சேர்க்கவில்லை” என்று சொல்லிவிடுங்கள். பிபி மெஷின் பட்டை வாங்கவும் இதே நடுப்புள்ளி அளவுதான்.